கெட்டிப் பெட்டி

…வலது தோள்பட்டைக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுகிற மாதிரி, எப்போதும் அந்தப் பக்கம்தான், காலையில் மில்லில் கடைசி லாரிக்கு மூட்டை ஏற்றும்போது பிடித்தது இன்னும் விடவில்லை, மண்ணச்சநல்லூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இடது கையாலேயே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாயிற்று, அங்கேயிருந்து பெரிய கடைவீதிக்கு நடை, இடது கக்கத்தில் அரிசிச் சாக்கு, சாக்குக்குள் கோல்ஃப் ஸ்டிக், நடக்க நடக்க ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் போடுகிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் திரும்பிப் பார்க்கிறான், கம்பி திருடிக்கொண்டு போகிறான் என்று நினைப்பான், நினைக்கட்டும். இன்னும் சாப்பிடவில்லை. எந்த வலியாக இருந்தாலும் முதலில் சோற்றைத் தின்னு என்று அம்மா சொல்லும்... சோறு தின்றால் தோள் சரியாகுமா? ஆகாது. அம்மாவுக்கும் தெரியும் ஆகாது என்று. சொல்ல வேறு ஒன்றும் இல்லாததால் சோற்றைச் சொல்கிறது.

சூட்கேஸ் கடை பரக்கத் அலி பாய் வாங்க தம்பி என்றார், சாக்கைப் பார்த்தார், "எந்த ஊருக்கு விசா?" என்றார். இந்தக் கடைக்கு வருகிறவன் எல்லாம் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவன்தானே, வேறு என்ன கேட்பார். எனக்கு இல்லைங்க, பெட்டி மட்டும்தான் போகுது என்றான் பூவரசன், கோல்ஃப் ஸ்டிக் வைக்கிற பெட்டி, பிளேன்ல போட்டா உடையாத மாதிரி. சொல்லும்போதே நாக்கு கூசியது, காதுக்குள் இன்னும் தவிடு இருக்கும், கழுத்தில் சாக்கு உரசிய தழும்பு, இந்த உருவத்துக்கும் அந்த வார்த்தைக்கும் என்ன பொருத்தம்... பாய் சிரித்தார். "கோல்ஃபா? திருச்சியில அதை யாருங்க ஆடுறா?" நாங்க ஆடுவோம் என்று தொண்டை வரைக்கும் வந்தது, ஆடுவோமா, ஆடினோமா, விழுங்கிக்கொண்டான். ஆனால் பெட்டி இருந்தது. யாரோ ஒரு டாக்டர் சொல்லிவைத்து வரவழைத்ததாம், ஆள் திரும்பி வரவே இல்லையாம், ரெண்டு தினுசு. ஒன்று கறுப்பு, கெட்டியான பிளாஸ்டிக், ஆள் நீளம், அடியில் சக்கரம், பக்கத்தில் பூட்டு. மற்றது துணிப் பை, தலைப்பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்தது, சுருட்டினால் கக்கத்தில் அடங்கும். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கெட்டிப் பெட்டியின் மேல் ஏறி நின்றார், இந்தக் கடையில் அதுதான் வழக்கம், எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஏறி நின்று காட்டுவார், "என்னைத் தாங்கினா ஏர்போர்ட்டைத் தாங்கும் தம்பி, நான் பெருக்கப் பெருக்க கடையோட தரமும் பெருகுது" என்று தொப்பையைத் தட்டிக்கொண்டார். துணிப் பை மேலேயும் ஏறுங்களேன் என்றான் பூவரசன். "அதுல ஏறினா உங்க சாமான் என்னைக் குத்தும். ஆனா லேசு. கொண்டுபோறவர் உங்களைத் திட்ட மாட்டார்."

மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியும், சாமான் தூக்கும்போது உடையாது, இறக்கும்போதுதான் உடையும். பிடி இருந்தால் இறக்கி வைப்போம், பிடி இல்லாவிட்டால் போடுவோம், வேண்டுமென்று இல்லை, ஒரு அளவுக்கு மேல் கை தானாகப் போட்டுவிடும், ஏர்போர்ட்டில் நிற்கிறவனுக்கும் தோள் என்று ஒன்று இருக்குமே, அவனைத் திட்ட வாய் வரவில்லை. துணிப் பை என்றால் உள்ளே எல்லா ஸ்டிக்கையும் விட உயரமாக ஒரு கம்பு நிறுத்த வேண்டும், தலைகீழாக விழுந்தால் அடி கம்புக்குப் போகும், ஸ்டிக்கின் கழுத்துக்குப் போகாது, சின்ன வயதில் பை தூக்கிய கோல்ஃப் மைதானத்தில் ஆபீசர்கள் பேசிக் கேட்டது, விளக்குமாற்றுக் கம்பு போதும். கெட்டிப் பெட்டிக்கு அதெல்லாம் வேண்டாம், ஆனால் கனம், அரபு நாட்டுக்குக் கொண்டுபோகிற பிரவீன்ராஜ் தன் சாமானைக் குறைக்க வேண்டியிருக்கும்... எதை எடுப்பது? இதுவா கேள்வி? இது இல்லையே கேள்வி. பெட்டியையா பார்த்துக்கொண்டிருக்கிறாய் பூவரசா, பெட்டியைப் பார்க்கிற மாதிரி வேறு எதையோ பார்க்காமல் இருக்கிறாய்.

ஸ்டிக் செட் ஒன்று, ஆள் ரெண்டு, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். இவனும் பாலக்கரை ரஃபீக்கும் மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேயே கம்பெனி டவுன்ஷிப் கோல்ஃப் மைதானத்துக்குப் பை தூக்கப் போனவர்கள், ஆபீசர் அடிப்பார், இவர்கள் முள்ளுக்குள் புகுந்து பந்து தேடுவார்கள், ஆபீசர்கள் கிளம்பியதும் ஒடிந்த ஸ்டிக்கை வைத்துக் கண் தெரிகிற வரைக்கும் அடிப்பார்கள், அடித்து அடித்து ஒருநாள் ஆபீசர்களை விட நன்றாக அடிக்க வந்துவிட்டது, அது ஒரு தப்பு, அது வராமலே இருந்திருக்கலாம். மாற்றலாகிப் போன ஒருத்தர் தன் செட்டை ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார், சண்டை போடாம வச்சுக்கங்கடா என்று. ஒரே ஆட்டத்தில் ரெண்டு பேர் ஒரு செட்டை வைத்து ஆடக் கூடாது, சட்டம். அதனால் முறை வைத்தார்கள், வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி. கோயம்புத்தூர் போட்டி உனக்கு, பெங்களூர் எனக்கு, ஒருத்தன் ஆட இன்னொருத்தன் பை தூக்குவான், யாருக்கு இப்போது கை நன்றாக விழுகிறது என்ற பேச்சே இல்லை, முறை என்றால் முறை. ஒரு தடவை ரஃபீக்குக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, நான் ஆடட்டுமாடா என்று கேட்டதற்கு, "உன் முறையில உனக்கு பேதி வரும், அப்ப நான் கேக்க மாட்டேன், நீயும் கேக்காத" என்று சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டே ஆடிக் கடைசி ஆளாக வந்தான். கடைசியாக ஆடியது பூவரசன். அதற்குப் பிறகு தோள் போய்விட்டது, மூட்டைக்கும் ஸ்டிக்குக்கும் இருந்தது ஒரே தோள், மூட்டை ஜெயித்தது. அடுத்த முறை ரஃபீக்குடையது. அது வருவதற்குள் அவனுக்கு விசா வந்துவிட்டது, அரபு நாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை, செட்டு உங்கிட்டயே இருக்கட்டும் மாப்ள, என் முறை வரும்போது கேப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேட்டுவிட்டான். வாட்ஸப்பில் குரல் வந்தது, பின்னால் புல் வெட்டுகிற மெஷின் இரைச்சல். "டேய் பூவு, இங்க வேலை செய்யிறவனுக்கெல்லாம் ஒரு போட்டி வைக்கிறானுங்கடா. ஜெயிக்கிறவனைக் கோச்சுக்கு ஒத்தாசையா எடுத்துக்கிறானாம், நெழல்ல நிக்கிற வேலைடா, வெயில்ல நின்னு நின்னு எனக்கு மூத்திரம் ரத்தமாப் போகுது. இங்க வாடகைக்குத் தர்ற ஸ்டிக்கு நம்ம கையில நிக்க மாட்டேங்குது. என் முறை மாப்ள. பிரவீன் வரும்போது குடுத்தனுப்பு. நல்ல பொட்டியாப் பார்த்து வாங்கு, எறியறானுங்க ஏர்போர்ட்டுல. கஞ்சத்தனம் பண்ணினே, வந்து கழுத்தை நெரிப்பேன், இன்ஷா அல்லாஹ்." கடைசியில் அந்தச் சிரிப்பு, பல் இடுக்கில் காற்று போகிற சிரிப்பு. பூவரசன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். மூத்திரம் ரத்தமாகப் போகிறது என்பதை மட்டும் தனியாக எத்தனை தடவை கேட்டான்... சிரித்துக்கொண்டே சொல்கிறான் பாவி.

உமி... மண்ணச்சநல்லூர்க்காரனுக்கு எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் உமிதான். முட்டையா, உமியில் வை. ஐஸ் கட்டியா, கண்ணாடிச் சாமானா, உமியில் வை. பிறந்ததிலிருந்து பார்த்தது அது, வேறு என்ன தெரியும். மில்லுக்குப் பின்னால் உமிக் கொட்டகை, ரஃபீக் போனதும் அதன் மூலையில் பூவரசன் செட்டைப் பையோடு செருகிக் கழுத்து வரைக்கும் உமியைத் தள்ளி மூடினான், ஈரத்தை உமி குடித்துக்கொள்ளும், துருப் பிடிக்காது என்று. கார்த்திகை மழையில் தகரம் ஒழுகியது. நனைந்த உமி லேசில் காயாது, உள்ளுக்குள்ளேயே சூடேறி, வியர்த்து, புளித்துப் போகும், அதற்குள் கிடந்தது செட், மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் வந்து, இவன் எட்டிப் பார்க்கவில்லை. ரஃபீக் கேட்ட பிறகுதான் தோண்டினான். பை கையோடு பிய்ந்து வந்தது. ஸ்டிக்குகளின் தலையெல்லாம் செங்கல் நிறம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான், பிறகு கடைப் பாலிஷ், பளபளவென்று வந்துவிட்டது, மேலே. கைப்பிடியிலிருந்து தலை வரைக்கும் அது வெறும் குழாய்தானே, பிடியின் நுனி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளேயே நின்றிருக்கிறது. காதருகே வைத்து ஆட்டினால் மணல் ஓடுகிற மாதிரி சத்தம். துரு. உள்ளே உதிர்ந்த துரு. ஏன் எட்டிப் பார்க்கவில்லை? ஆட முடியாதவன் எதற்குப் பார்க்க வேண்டும், பார்த்தால் தோளில் இல்லாத இடத்திலெல்லாம் வலிக்கும், அதனால். அதனால் மட்டும்தானா? தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டதே. கொட்டகை ஒழுகும் என்று தெரியும். செட் அங்கே இருக்கிறது என்ற நினைப்பு வந்ததா, வந்து புரண்டு படுத்தானா, எனக்கு இல்லாதது அவனுக்கு மட்டும் எதற்கு என்றா... அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? வார்த்தையாக வந்தால்தான் நினைப்பா?

தோண்டிய அன்றைக்கே செட்டில் ஏழாம் நம்பர் ஸ்டிக்கை எடுத்து அடித்துப் பார்த்தான். அவித்த நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம், ஓரத்தில் ஒரு பழைய பந்து, பாதி வேகம்தான், அதற்கு மேல் தோள் விடாது. பந்தில் பட்டதும் முறிந்தது, காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், தலை தனியாகப் பறந்து, அம்மா நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அம்மா பாப்பாயி குனிந்து எடுத்தது, முறிந்த வாயை மோந்து பார்த்தது. "உள்ள புழுத்துப் போயிருக்குடா. மேலுக்குப் பவுடரைப் பூசி எவன் தலையிலடா கட்டப் போற?" களத்துப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டிப் பார்க்காமலா எடுப்பாங்க என்றாள், மறுபடி சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. "அந்த பாய் புள்ளைக்கா?" என்று மட்டும் கேட்டது, மெதுவாக. இவன் காய்கிற நெல்லை மிதித்துக்கொண்டே போனான், அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. ஏழாம் நம்பருக்கு மைதானத்து ஸ்டோர் ரூமில் கேட்பாரற்றுக் கிடந்த இன்னொரு ஏழைத் தேடி வைத்தாயிற்று, தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மற்றது? எட்டு? ஐந்து? எது எத்தனை அடி தாங்கும்? இவன் பாதித் தோளால் அடித்ததற்கே அப்படி. ரஃபீக் முழுத் தோளால் அடிக்கிறவன், இடுப்பையே சேர்த்து வீசுகிறவன்.

ஆகவே பெட்டி. துணிப் பையில் போட்டு அனுப்பினால்... ஒன்று முறிந்தால், ஏர்போர்ட்டில் எறிந்துவிட்டான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இவன் சொல்லக்கூட வேண்டாம், ரஃபீக்கே சொல்லிவிடுவான், எறிகிறவனுக்கு முகம் இல்லை, எவ்வளவு பழியை வேண்டுமானாலும் ஏற்றலாம், அவன் என்ன வந்து கேட்கவா போகிறான். கம்பு வைக்காமல் அனுப்பினால் உண்மையிலேயே வழியில் உடைந்தாலும் உடையும், அப்படி உடைந்தால் அது பொய்யும் இல்லை... கெட்டிப் பெட்டியில் போட்டால் அந்தச் சந்து அடைபட்டது. பாய் ஏறி நின்றும் உடையாத பெட்டி, அதற்குள் முறிந்தால் அது இங்கேயே முறிந்தது, உமியில் முறிந்தது. சொல்லிவிட்டால்? செட் போச்சுடா ரஃபீக். அவ்வளவுதான் வார்த்தை. மூட்டைக்கு அடியில் குனிந்து நடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று, மூட்டைக்கு அடியில் நன்றாகத்தான் வருகிறது. சொன்னால் வாடகை ஸ்டிக்கில் ஆடுவான், தோற்பான், திரும்பவும் வெயில். சொல்லாவிட்டால்? முறிந்த குழாய் திரும்பி வந்தால் கத்தி. மைதானத்தில் அப்படி முறிந்து ஒரு ஆபீசருக்கு உள்ளங்கை பிளந்ததை ரெண்டு பேருமாகச் சேர்ந்துதான் துண்டால் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம், ரஃபீக் முன்னால், நான் பின்னால். அந்தத் துண்டைக்கூட அவன்தான் துவைத்தான்.

"என்ன தம்பி, பெட்டிகிட்ட ஜோசியம் கேக்குறீங்களா?" என்றார் பாய். கெட்டியானதையே குடுங்க என்றது வாய். சொன்னதும் நெஞ்சில் ஒரு லேசு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி, கனமானதை எடுத்தவன் நியாயமானவன் என்கிற மாதிரி. கடையிலேயே அடுக்கினார்கள். சாக்கைக் கவிழ்த்ததும் பாய், மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரில்ல வச்சிருக்கீங்க என்றார். தலைகளை அம்மாவின் பழைய சேலைக் கிழிசலில் சுற்றி, ஒன்றுக்கொன்று இடிக்காமல் இடையில் துண்டை மடித்துக் கொடுத்து, நீளமானதைக் கடைசியில் வைத்து, மேலே பட்டையை இழுத்து இறுக்க வேண்டும், வலது கை மாட்டேன் என்றது, பாய் முட்டி போட்டு இழுத்தார். எட்டாம் நம்பர் அவர் காதருகே போனபோது சலசலத்தது. "உள்ள என்னமோ ஓடுதே தம்பி?" அது அப்படித்தாங்க இருக்கும் என்றான். "ஓ, அது ஒரு டெக்னிக்கா!" என்று தலையை ஆட்டினார் பாய். எவ்வளவு சுலபமாக நம்புகிறார். பளபளப்பாக இருந்தால் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள் போல.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பிரவீன்ராஜ் வீடு அம்மா மண்டபம் பக்கம், ரஃபீக் வேலை செய்கிற அதே மைதானத்தில் தண்ணீர்க் குழாய் பார்க்கிறவன், லீவு முடிந்து நாளைக்குக் காலையில் கிளம்புகிறான். கண்டக்டர் பெட்டியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள ஆளு கீளு இல்லையே? இருந்தா அவருக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார், லக்கேஜுக்குப் போட்டுக் கொடுத்தார். பக்கத்து சீட்டில் ஒரு மாமி, மடியில் துளசி கட்டிய வாழை இலைப் பொட்டலம், பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தவள், "வீணையா?" என்றாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆமாங்க என்றான். மாமி சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "கால் படப்படாது, சித்த அந்தண்டை நகர்த்திக்கோங்கோ... நீங்க வாசிப்பேளா?" நான் இல்லைங்க, என் சிநேகிதன். "பெருமாள் கிருபை. கையில அது வர்றது எல்லாருக்கும் வாய்க்கறதில்லை" என்று சொல்லி, குனிந்து பிளாஸ்டிக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது, கீழே தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும், மிச்சம் மணலும் நாணலும், துணி துவைக்கிறவர்கள் அந்த ஓரத்தைத் தேடிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில வர்றது எல்லாருக்கும் வாய்க்காது... ரஃபீக் கையில் அது வந்தது. இவனுக்கும் வந்தது. வந்து என்ன ஆயிற்று, ஒருத்தன் புல் வெட்டுகிறான், ஒருத்தன் உமி அள்ளுகிறான், செட் உள்ளே உதிர்ந்துகொண்டு வருகிறது, மேலே ஒரு மாமி கும்பிடுகிறாள். யாராவது திறந்து பாருங்களேன். ஒருத்தராவது திறந்து ஆட்டிப் பார்த்து, என்னடா இது என்று செவிட்டில் ஒன்று வைத்தால் இங்கேயே இறங்கிவிடலாம்.

பிரவீன்ராஜ் வீடு மாடியில். படி குறுகல், பெட்டியைப் பழக்கத்தில் வலது தோளில் ஏற்றிவிட்டான், பாதிப் படியில் கண் இருட்டியது. பிரவீன்ராஜின் மனைவி சுபஸ்ரீ கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு "ஏங்க, தாண்டுதுங்க" என்றாள். கட்டிலில் பரப்பி வைத்ததிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது, முறுக்கு டப்பா, இட்லி மிளகாய்ப்பொடி, மாவடு பாட்டில், ஒரு போர்வை. "ரஃபீக் அண்ணன் மட்டும் ஜெயிக்கலேன்னா இந்த மாவடுவுக்கு அவர்தான் பதில் சொல்லணும்னு சொல்லுங்க" என்றாள். பிரவீன்ராஜ் சிரித்தான். "ஜெயிச்சிருவார்டி. வேலை முடிஞ்சு வந்தா ரூம்ல துடைப்பக்கட்டையை வச்சு வீசிக்கிட்டே இருக்காரு மனுஷன், போன மாசம் டியூப்லைட்டைப் போட்டு உடைச்சாரு, ரூமே சேர்ந்து திட்டுச்சு." பெட்டியைத் தட்டிப் பார்த்தான், டொக் டொக் என்றது. "அண்ணே, இதுல வச்சா ஒண்ணும் ஆகாதுண்ணே. ரஃபீக் பாய் கண்ணை மூடிக்கிட்டு அடிக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு... பூவரசன் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். அப்போதுதான் அது உறைத்தது, லேசாக, படிக்கட்டில் கால் ஒரு படி தவறுகிற மாதிரி. துணிப் பையாக இருந்தால் ரஃபீக் பயந்திருப்பான். எறிந்திருப்பார்களே, அடிபட்டிருக்குமே என்று ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்திருப்பான், கழுத்தில் நகத்தால் கீறிப் பார்த்திருப்பான், ஆட்டிப் பார்த்திருப்பான், சலசலப்பு கேட்டிருக்கும். இதைத் திறப்பான், பளபளப்பைப் பார்ப்பான், நேராகத் திடலுக்குப் போவான். நியாயம் என்று நினைத்து எடுத்தது... நியாயம் என்று நினைத்துத்தானா எடுத்தாய்? பிரவீன், ரஃபீக்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றான். சொல்லுங்கண்ணே என்றான் பிரவீன்ராஜ், பெட்டியில் பேர் எழுத மார்க்கரைத் திறந்துகொண்டு. மின்விசிறி சுற்றியது. சுபஸ்ரீ மாவடு பாட்டிலைத் திரும்ப உள்ளே திணிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா அடிக்கச் சொல்லு. மொதல்ல கொஞ்ச நாள் மெதுவா." "யாரு, அவரா? மெதுவாவா?" ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இவனும் சிரித்தான். சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள் சுபஸ்ரீ, வேணாம்மா, சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றான், இன்றைக்கு இது எத்தனையாவது பொய்.

அம்மா மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. பிரவீன்ராஜ் அதற்குள் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான் போல. ரஃபீக் குரல், மெஷின் சத்தம் இல்லை, ரூமில் இருக்கிறான். "டேய் பூவு, ராஜா பொட்டிடா இது! நீ எங்கடா புடிச்ச இதை... அல்ஹம்துலில்லாஹ். டேய், கேளு, என் முறை முடிஞ்சதும் இதே பொட்டியில போட்டுத் திருப்பி அனுப்பறேன். அடுத்தது உன்னுது. தோளைக் காட்டு எவன்கிட்டயாவது, சும்மா இருக்காத." பூவரசன் மைக்கை அழுத்தினான். ரஃபீக், என்றான். காவிரியில் குளித்து ஈரத்துணியோடு ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்தது, ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது, விரல் அழுத்தியபடியே இருந்தது, சொல்லு, செட் என்று ஆரம்பி, மூட்டைக்கு அடியில் வந்ததே... தோள் வலித்தது. விரலை இழுத்துப் பதிவை அழித்துவிட்டு, பொட்டி பிடிச்சிருக்கா என்று டைப் செய்து அனுப்பினான். மறுபக்கமிருந்து உடனே ஒரு கும்பிடு பொம்மை வந்தது, பின்னால் ஒரு சிரிப்பு பொம்மை. பெட்டி போகிறது, நாளைக்குக் காலையில், கீறல்கூட விழாமல் போய்ச் சேர்ந்துவிடும், அதில் சந்தேகம் இல்லை. முறை போகவில்லை. அது உமிக்குள்ளேயே கிடக்கிறது. ரஃபீக்குக்கு அவன் ஒரு முறை தர வேண்டும், ஆடக்கூடிய செட்டோடு ஒரு முறை, அதை இன்னும் தரவில்லை.